பித்தளைத் திருகுல பூத்த பச்சை

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். ரெண்டு தபா காயிதம் எடுத்து வெச்சேன். ரெண்டு தபாவும் அதுல பொட்டுக்கடல மடிச்சித் தின்னுட்டு கையத் தொடச்சிக்கினு போயிட்டேன். மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாஸோட என் படிப்பு முடிஞ்சிப் போச்சி. வாத்தியாரு ஒக்கார்ற நாக்காலில பலாப்பழ பால தடவி வெச்சது யாருன்னு கேட்டாங்க, நான்தான்னு சிரிச்சேன், வெளிய போடான்னாங்க. அதனால என் எழுத்து, மைக்கூட்டுல விழுந்த எறும்பு எந்திரிச்சி நடந்த மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்குங்க.

அப்பறம் இன்னாத்துக்கு எழுதறேன்னா, ஒரு விசயத்த நான் வாயத் தொறந்து சொல்லாம வெச்சிக்கினு கீறேன். எனக்கு அது பழக்கமில்ல. வாயால சொல்லக் கூடாதுன்னுதான் என் சேக்காளி சொன்னான், கையால கூடாதுன்னு சொல்லல. ஆனா யாரு பேரும் போட மாட்டேன். எந்த லைனுன்னும் சொல்ல மாட்டேன். இந்தத் தங்கச் சொரங்க வயல்ல கூலி ஆளுங்க குடியிருக்கற லைன் வீட்டுக்கா பஞ்சம்?

எனக்கு கரண்ட்டு ஷாப்புல வேல. சொரங்கத்துக்கு கரண்ட்டு வந்து கொஞ்ச வருசம்தான் ஆவுது. காவேரி எங்கியோ மலையிலருந்து விழுவுதாம், அத கம்பி வழியா இங்க இட்டாந்துட்டாங்க. எங்கம்மா மொதல்ல நம்பவே இல்ல, கம்பில தண்ணி சொட்டுதான்னு கீழ நின்னு பாத்தா. ஷாப்புல பேட்டரிப் பொட்டிங்களுக்கு கரண்ட்டு ஏத்தறது, அதுக்குள்ள இருக்கற திராவகம் கொறஞ்சா ஊத்தறது, இதான் என் வேல. திராவகம் தெறிச்சித் தெறிச்சி என் வேட்டி பூரா ஓட்ட. "எந்த எலிய வளக்கறீங்கடா உங்க ஷாப்புல?"ன்னு எங்கம்மா கேப்பா.

என் சேக்காளி ஒருத்தன். சின்ன வயசுலருந்து மச்சான்னுதான் கூப்புடுவேன். அவன் டாக்டர் தொரயோட மோட்டார் வண்டி ஓட்டிக்கினு இருந்தான். மொதல்ல வண்டி தொடைக்கத்தான் வெச்சாங்க. தொடச்சிக்கினே பாத்துப் பாத்து ஓட்டக் கத்துக்கினான். அப்ப எங்க வயல்ல மோட்டார் வண்டின்னா ஒண்ணோ ரெண்டோதான். அது ஆண்டர்சன்பேட்ட கடத்தெருவுல வந்தா, வெத்தல விக்கற கெழவிங்க கூடைய தூக்கிக்கினு ஓடுவாங்க. நான் ஒரு நாளு ஒரு கட்டு வைக்கோல கொண்டாந்து வண்டிக்கு முன்னாடி போட்டேன். "காலையிலருந்து ஓடுது மச்சான், பசிக்கும்"னேன். பின்னாடி ஒக்காந்திருந்த தொரகூட சிரிச்சிட்டாரு. இவன் மட்டும் சிரிக்கல. அந்த வண்டின்னா அவனுக்கு அவ்ளோ மரியாத.

அந்த வண்டிய கெளப்பற விதத்த சொல்லிடறேன், இல்லாங்காட்டி மேல சொல்லப் போறது புரியாது. சீட்டுக்குக் கீழ பேட்டரிப் பொட்டி கீது. அதுலருந்து கம்பி போயி, காயில்னு சொல்ற ஒரு மரப் பொட்டில மாட்டுது. அங்கருந்து இஞ்சினுக்கு நெருப்புப் பொறி போவுது. கம்பிங்கள மாட்டறதுக்கு பித்தளையில திருகுங்க. சாவியத் திருப்புனா அந்தக் காயில் பொட்டி வண்டு மாதிரி 'ஙொய்'னு கத்தணும். அது கத்துனப்பறம்தான் முன்னாடி போயி கைப்பிடியப் போட்டு சுத்தணும். அது கத்தலன்னா பொறி இல்ல. பொறி இல்லன்னா பயில்வான் வந்து சுத்துனாலும் வண்டி கெளம்பாது.

அந்தத் திருகுங்களுக்கு எதிரி யாருன்னா களிம்பு. பச்சையா பூக்கும் பாருங்க, அது. பேட்டரியிலருந்து வர்ற ஆவி, கல்லு அரைக்கற மில்லுப் பொக, தங்கம் எடுத்த மிச்ச மண்ணக் கொட்டற சயனைட் மேட்டுலருந்து காத்துல வர்ற வெள்ள மண்ணு, மழ, எல்லாம் சேந்தா பித்தள ஒரு வாரம் தாங்காது. பச்சை பூத்துட்டா கரண்ட்டு தாண்டாது. அதுக்கோசரம் ஷாப்புல நாங்க ஒண்ணு பண்ணுவோம். திருகக் கழட்டி, கத்தியால சொரண்டி, துணி தொவைக்கற சோடாவ தண்ணில கரைச்சி கழுவி, ஈரம் ஒரு பொட்டு இல்லாம தொடச்சி, இறுக்கி முடுக்கி, கடசியாத்தான் மேல கிரீஸ் பூசுவோம். கிரீஸ் மேலருந்து மழையும் பொகையும் உள்ள போவாம காக்கும். ஆனா உள்ளாற ஏற்கெனவே ஏதாச்சும் இருந்துட்டா அதையும் சேத்து நல்லாக் காக்கும். அதான் அதோட கொணம்.

மச்சான் இத என்கிட்ட பாத்துக்கினு அப்படியே பண்ணுவான். மாசத்துக்கு ஒரு தபா, தவற மாட்டான். காலையில சாவியத் திருப்பி, கண்ண மூடிக்கினு அந்த 'ஙொய்' சத்தத்தக் கேப்பான். "இன்னாடா, பொண்ணு பாக்கப் போன எடத்துல பாட்டு கேக்கற மாதிரி கேக்கற?"ம்பேன். "உன் வேலயப் பாத்துக்கினு போடா"ம்பான்.

அவன் பொண்டாட்டி ஆம்பூர் பக்கத்துப் பொண்ணு. கூடப் பொறந்த ஆம்பளைங்க இல்ல. கல்யாணமான மறுநாளே நான் போயி, "இன்னிலேருந்து நான்தான் உனக்கு அண்ணன், சோறு போடு"ன்னு ஒக்காந்துட்டேன். அவளும் அண்ணான்னுதான் கூப்புடுவா. ஆனா வாயி எனக்கு மேல. பித்தளைன்னா அவளுக்கு உசுரு. சீரா வந்த கொடம், சொம்பு, குத்துவெளக்கு, எல்லாத்தையும் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம தேச்சிக் கவுத்துவா. மில்லுப் பொகயில அது சாயங்காலத்துக்குள்ள கறுத்துடும். மறுபடி தேப்பா.

"உன் சொம்புல மூஞ்சி பாத்து நான் தல வாரிக்கலாம் போல கீதே"ன்னேன் ஒரு நாளு.

"மேல வாரிக்கலாம்ணா. உள்ளதான் காலி"ன்னா.

அந்த வருசம் அவ மாசமா இருந்தா. மொதக் கொழந்த. காது குத்தறப்ப தாய்மாமன் மடியிலதான ஒக்கார வெக்கணும், அந்த மடி என் மடின்னு முன்னாடியே சொல்லி வெச்சிட்டேன். "ஓட்ட வேட்டிய மாத்திக்கினு வா, இல்லாங்காட்டி புள்ள வழியில விழுந்துடும்"னா. தங்கம் வெட்டற ஊருல தாய்மாமன் ஒரு பொட்டுத் தங்கத்துல கம்மல் போடறதுக்கு திண்டாடணும்னு நான் பொலம்புவேன். மச்சான் சிரிப்பான். அப்பல்லாம் அவன் நல்லா சிரிப்பான்.

ஆயுத பூஜ வந்துச்சி. எங்க வயல்ல அன்னிக்கு ஒவ்வொருத்தனும் அவனவன் கைச் சாமான கழுவித் தேச்சி, சந்தனம் குங்குமம் வெக்கணும். கீழ எறங்கறவன் சம்மட்டிய வெப்பான், உளிய வெப்பான். ஷாப்புல மெசினுங்களுக்கு மால போடுவோம். மச்சானோட சாமான் மோட்டார் வண்டி. அத லைன் வீட்டுக்குத் தூக்கிக்கினு வர முடியாது. அதனால அந்தப் பித்தளைத் திருகுங்கள மட்டும் கழட்டி ஒரு துணில முடிஞ்சி எடுத்தாந்து, பூஜைக்கி மொத நாளு பொண்டாட்டி கையில குடுத்தான்.

நான் போனப்ப அவ வாசல்ல ஒக்காந்து அதுங்கள முந்தானையில தொடச்சிக்கினு இருந்தா. பெரிய வயிறு, குனிய முடியல. பக்கத்துல புளிச் சக்க, உப்பு, சாம்பலு.

"இன்னா அண்ணா இது, இவுரு வேல பாக்கற லட்சணம்? மேல பூரா மஞ்சளா பிசுபிசுன்னு அழுக்கு. இத்தன நாளா இப்படியா வெச்சிக்கினு இருந்தாரு?"

"அது அழுக்கு இல்ல, கிரீஸு"ன்னான் மச்சான் உள்ள இருந்து.

"இன்னா கிரீஸோ. சாமி கும்புடற சாமான். பாரு இப்ப." கையில வெச்சிக் காட்டுனா. மூக்குத்தி மாதிரி மின்னுச்சி.

"இதுல ஒண்ண எனக்குக் குடு, அடகு வெச்சி வேட்டி வாங்கறேன்"ன்னேன்.

"பூஜ முடியற வரைக்கும் அந்த அழுக்கப் பூசாதீங்க"ன்னு புருசன்கிட்ட சொன்னா. "நான் ஒக்காந்து தேச்சது வீணாப் போவக் கூடாது."

"சரி"ன்னான். பொண்டாட்டி கேட்டு அவன் எதுக்கும் இல்லன்னதில்ல.

மறுநாளு வண்டில மாட்டி, மால போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கடத்தெருவ ஒரு சுத்து சுத்துனான். தொரசானி வந்து திருகப் பாத்துட்டு "வெரி நைஸ்"ன்னாங்களாம். அத அப்படியே வந்து பொண்டாட்டிகிட்ட சொன்னான். அவ ஒரு வாரத்துக்கு தெருக்கொழாயில எல்லாருகிட்டயும் வெரி நைஸ், வெரி நைஸ்னு சொல்லிக்கினு இருந்தா. பூஜ முடிஞ்சதும், பளபளன்னுதான கீதுன்னு திருகக் கழட்டிக் கழுவாம, அவன் மறக்காம கிரீஸப் பூசிட்டான். நானே பாத்தேன், நல்லா கெட்டியா பூசியிருந்தான். யாரும் கொற சொல்ல முடியாது.

புளி போட்டுத் தேச்சா பித்தள பளபளன்னு ஆவுது, எல்லாருக்கும் தெரியும். தேச்சத நல்லா கழுவாம வுட்டா அதே புளியும் உப்பும் பித்தளையத் தின்னும். அது எங்க யாருக்கும் தெரியல. எப்படித் தெரியும்? குத்துவெளக்க வாராவாரம் தேக்கறாங்க. பச்சை பூக்கறதுக்கு நேரமே குடுக்கறதில்ல.

ஐப்பசி மழ புடிச்சிக்கிச்சி. ஒரு நாளு மத்தியானம், ஷாப்புல சாப்புட்டுட்டு பொட்டிங்கள தொடச்சிக்கினு இருக்கேன், டாக்டர் பங்களா தோட்டக்காரன் நனஞ்சிக்கினு ஓடியாந்தான். வண்டி கெளம்ப மாட்டேங்குது, ஒன்ன ஒடனே கூப்புடறாங்கன்னான். கத்திய இடுப்புல சொருவிக்கினு ஒரு சாக்கத் தலையில போட்டுக்கினு போனேன். போறப்பவே இன்னா சொல்லி அவன வம்புக்கு இழுக்கலாம்னு யோசிச்சிக்கினே போனேன்.

"இன்னா மச்சான், இன்னிக்கு சஷ்டியா? வண்டி விரதம் இருக்குதா?"ன்னு கேட்டுக்கினே ஷெட்டுக்குள்ள நொழஞ்சேன்.

அவன் கைப்பிடிய சுத்திக்கினு இருந்தான். திரும்பிப் பாத்தான். உள்ளங்கையில தோலு உரிஞ்சி ரத்தம் கைப்பிடி வழியா வழிஞ்சிக்கினு இருந்துச்சி.

"அவளுக்கு வலி எடுத்துக்கிச்சிடா. கொழந்த குறுக்க கீதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. தொரய இட்டுக்கினு வரச் சொல்றா."

தொர பைய எடுத்துக்கினு வாசல்லயே நின்னாரு. வர மாட்டேன்னு சொல்லல, நல்ல மனுசன். லைன் வீட்டுக்கு அவரு வர்றதே பெரிசு. மழயில நடந்து போவற தூரம் இல்ல அது, கோரமண்டல் சொரங்கம் தாண்டிப் போவணும்.

மச்சான் சாவியத் திருப்புனான். கம்முனு இருந்துச்சி. அந்த 'ஙொய்' வரல. "காலையில கத்துச்சிடா. கொஞ்சம் சன்னமா கத்துச்சி, ஆனா கத்துச்சி. உன் பேட்டரி செத்துப் போச்சா?"

நான் ஒரு துண்டுக் கம்பிய எடுத்து பேட்டரி மேல ரெண்டு பக்கமும் தொட்டேன். பட்டுன்னு கொழுத்த பொறி பறந்துச்சி. பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சி. எங்கியோ நடுவுல, ஒரு திருகுல, கரண்ட்டு நிக்குது. எதுலன்னு கழட்டித்தான் பாக்கணும்.

"கழட்டறேன், கொஞ்சம் பொறு"ன்னேன்.

தொர பாக்கெட்டுலருந்து கடியாரத்த எடுத்துப் பாத்தாரு. ஜட்கா கொண்டான்னாரு. மச்சான் ரோட்டுக்கு ஓடுனான். அந்த மழயில ஜட்கா எங்க கெடைக்கும்? ரொம்ப நேரம் கழிச்சி ஒரு கெழட்டுக் குதுரய பூட்டிக்கினு ஒருத்தன் வந்தான். "எக்கு சாமி, எக்கு"ன்னு தெலுங்குல அதட்டி தொரய ஏத்திக்கினான். மச்சான் பின்னாடி கட்டைய புடிச்சிக்கினு தொத்திக்கினான். என்ன ஒரு பார்வ பாத்தான். போயிட்டாங்க.

அந்நேரத்துக்குள்ள நான் பேட்டரிப் பக்கத்துத் திருகுங்கள எல்லாம் கழட்டிப் பாத்து மாட்டிட்டேன். அதுங்க பரவால்ல. கடசியா காயில் பொட்டிக்கிட்ட இருந்த திருகு. மேல கிரீஸ் கெட்டியா, சுத்தமா, அவன் பூசுன மாதிரியே இருந்துச்சி. வழிச்சித் தள்ளிட்டுக் கழட்டுனேன். உள்ள பூராப் பச்ச. பாசி புடிச்ச கெணத்துப் படி மாதிரி, மெத்து மெத்துன்னு. அந்தப் பச்சைக்கு நடுவுல, திருகுக் காடியில சுத்திக்கினு, நூலு மாதிரி ஒண்ணு. கத்தி மொனையில எடுத்து வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தேன்.

புளி நாரு.

அத நான் எங்க வெச்சேன், எங்க போட்டேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. சொரண்டுனேன். சமையக்காரன்கிட்ட சோடா வாங்கிக் கழுவுனேன். என் வேட்டியக் கிழிச்சித் தொடச்சி, வாயால ஊதி ஊதிக் காய வெச்சி முடுக்குனேன். சாவியத் திருப்புனேன். 'ஙொய்'. கைப்பிடியப் போட்டு ஒரே சுத்து. வண்டி புடிச்சிக்கிச்சி.

ஜட்கா போயி ரொம்ப நேரம் ஆயிடல. இப்ப வெரட்டிக்கினு போனாக்கூட பாதி வழியில புடிச்சிடலாம். ஆனா யாரு ஓட்டறது? எனக்கு ஓட்டத் தெரியாது. தோட்டக்காரன் என்னப் பாக்கறான், நான் அவனப் பாக்கறேன். வண்டி ஷெட்டுக்குள்ள நின்ன எடத்துலயே குலுங்கிக் குலுங்கி ஓடிக்கினு இருந்துச்சி. பொக ஷெட்டு பூரா. கொஞ்ச நேரம் கழிச்சி நானே சாவியத் திருப்பி நிறுத்துனேன்.

ஓட்டமா லைனுக்குப் போயிச் சேந்தப்ப வெளக்கு வெக்கற நேரம். வாசல்ல பொம்பளைங்க நின்னுக்கினு இருந்தாங்க, என்னப் பாத்ததும் ஒதுங்கி வழி வுட்டாங்க. அதுலயே தெரிஞ்சிப் போச்சி. ஆம்பளப் புள்ள. தாய மட்டும் தொர காப்பாத்திட்டாரு. கையக் கழுவிக்கினே ஏதோ இங்கிலீசுல சொன்னாரு, தனக்குள்ள சொல்லிக்கற மாதிரி மெதுவாத்தான் சொன்னாரு. கூட நின்ன கம்பவுண்டருக்கு சும்மா இருக்கக் கூடாதா? "கொஞ்சம் முன்ன வந்திருந்தா புள்ளயும் பொழச்சிருக்கும்ங்கறாரு. வண்டி கெளம்பலயாமே, அதான் லேட்டாயிடுச்சி"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி தமிழ்ல சொன்னான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் அவ படுத்திருந்தா. அழுதுக்கினு இருந்தவ சட்டுன்னு நிறுத்திட்டா. அந்த நிறுத்துனது எனக்கு இன்னிக்கும் காதுல கேக்குது.

மறுநாளு காலையில மழ வுட்டுருந்துச்சி. மச்சான் ரெண்டு கையிலயும் ஏந்திக்கினு முன்னால போனான், கையில கட்டுத் துணி சுத்தியிருந்துச்சி. நான் மம்முட்டி எடுத்துக்கினு பின்னால போனேன். தாய்மாமன் வேலன்னு நான் கேட்டு வாங்கிக்கினது வேற, செஞ்சது வேற. அதப் பத்தி மேல எழுத எனக்கு வரல.

திரும்பி வர்றப்பதான் கேட்டான். "உள்ள இன்னாடா இருந்துச்சி?"

"பச்சை."

"நான் கிரீஸ் பூசுனேனே. நீ கூட பாத்த."

"பாத்தேன்."

"அப்பறம் எப்படி உள்ள பச்சை?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாதா இன்னா? ஊரையே ஏமாத்தி இருக்கேன். அன்னிக்கு ஒண்ணும் வரல. தல குனிஞ்சிக்கினு நடந்தேன்.

நின்னுட்டான். "புளியா?"

தோள்ல இருந்த மம்முட்டிய கீழ எறக்குனேன்.

 "யாருகிட்டயாச்சும் சொன்னியா?"ன்னான்.

"இல்ல."

"சொல்லாத. எனக்கு சத்தியம் பண்ணு, உன் வாயால இது வெளிய வரக் கூடாது."

பண்ணேன்.

கொஞ்ச நாளு கழிச்சி தொர கூப்புட்டுக் கேட்டாரு, வண்டிக்கு இன்னா ஆச்சின்னு. நானும் கூட நின்னேன். மழன்னு சொல்லுவான்னு நெனச்சேன். "கிரீஸ் பூச மறந்துட்டேன் தொர"ன்னான்.  தொர அவனயே பாத்தாரு. பாவப்பட்டாரோ கோவப்பட்டாரோ, கேட்டு பக்கம் கையக் காட்டுனாரு. சாவிய மேச மேல வெச்சிட்டு வந்துட்டான்.

"ஏன்டா? மழன்னு சொல்லியிருந்தா வேலயாச்சும் மிஞ்சியிருக்கும்ல?"ன்னு வழியில சண்ட போட்டேன்.

"மழன்னா நம்ப மாட்டாங்க. திருகக் கழட்டிப் பாரும்பாங்க, தேச்சது யாரும்பாங்க. அத ஊருக்கே சொல்றதுக்கு அந்தக் கம்பவுண்டரு கீறானே"ன்னான்.

இப்ப அவன் கீழ எறங்கறான். பாறய வாரி தள்ளு வண்டில போட்டு, லெவல்னு சொல்ற சொரங்கப் பாத பூரா தள்ளற வேல. மோட்டார் வண்டி ஓட்டுன கை. நான் மட்டும் பழைய மாதிரி இருந்திருந்தா, "பரவால்ல மச்சான், இப்பவும் வண்டிதான்"னு சொல்லியிருப்பேன். சொல்லல.

லைன் பூரா அவனத்தான் பேசுனாங்க. மறந்துட்டேன்னு அவனே ஒத்துக்கினானேன்னு பேச்சு. அதவிடக் கொடும அவன் பொண்டாட்டிதான். அவ அவன்கூடப் பேசறத வுட்டுட்டா. சோத்துத் தட்ட வெச்சிட்டு அப்பால போயிடுவா. தெருக்கொழாயில ஒரு நாளு நான் தண்ணி குடிச்சிக்கினு இருக்கறப்ப, "ஒரு திருகுல அழுக்குப் பூச வக்கில்ல, அந்த ஆளுக்குப் புள்ள ஒரு கேடா"ன்னா, பக்கத்து வீட்டுக்காரிகிட்ட. உண்மய சொல்லிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. வாயில இருந்த தண்ணியோட சேத்து அதையும் முழுங்கிட்டேன்.

போன வெள்ளிக்கெழம அவங்க வீட்டுக்குப் போனேன். அவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவ வாசல்ல ஒக்காந்து குத்துவெளக்க தேச்சிக்கினு இருந்தா. எளைச்சிப் போயிட்டா. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது. கையில புளிச் சக்க. எனக்குக் கண்ண எங்க வெக்கறதுன்னு தெரியல.

"ஒக்காருண்ணா."

ஒக்காந்தேன்.

"நீ அன்னிக்கு அந்த வண்டியக் கழட்டிப் பாத்த இல்ல?"

"பாத்தேம்மா."

"நான் அவ்ளோ பளபளன்னு தேச்சிக் குடுத்தேன். பூஜ வரைக்கும்தான் பூசாதீங்கன்னேன். அதுக்கப்பறமும் பூசாம இருக்கச் சொன்னேனா? நீயே சொல்லு. என் தப்பு ஏதாச்சும் இருக்குதாண்ணா?"

அவ தேக்கறத நிறுத்திட்டு என் மூஞ்சியயே பாத்தா. அப்பதான் எனக்குப் புரிஞ்சிச்சி, இத அவ எத்தனையோ தபா தனக்குள்ள கேட்டுக்கினு இருந்திருக்கா. ராத்திரில, அவன் தூங்கறப்ப, சுவத்தப் பாத்துக்கினு கேட்டிருப்பா. நான் ஒரு வார்த்த சொன்னா போதும். மச்சான் மேல இருக்கற பழி போயிடும். ஆனா அந்தப் புளிச் சக்க அவ கையிலதான் கீது.

"ஒரு தப்பும் இல்லம்மா"ன்னேன்.

"அப்பன்னா அவுருதான."

 கொடத்தப் பாத்தேன், வெளக்கப் பாத்தேன். "மழம்மா"ன்னேன் சும்மா.

"நீயும் அவுரு சேக்காளிதான, அப்படித்தான் சொல்லுவ"ன்னுட்டு மறுபடி தேக்க ஆரம்பிச்சா. வெளக்கு மின்னுச்சி. கழுவிக் கவுத்தறப்ப, கல்யாணமாயி வந்ததுலருந்து வாயி ஓயாதவ, என்கிட்ட ஒரு கேலிகூடப் பேசல. நானும் பேசல.

அங்கருந்து நேரா ஷாப்டுக்கு, அதான் ஆளுங்க கீழ எறங்கற சொரங்க வாயிக்குப் போனேன். ஷிப்டு முடிஞ்சி சங்கு ஊதிச்சி. கூண்டு மேல வந்துச்சி, ஆளுங்க வெளிய வந்தாங்க. எல்லாரும் தலையிலருந்து கால் வரைக்கும் ஒரே நெறம், யாரு யாருன்னே தெரியல. அவன்தான் என்னக் கண்டுபுடிச்சி வந்தான். இன்னாடா இந்தப் பக்கம்னான். நான் ஒரு மூச்சுல எல்லாத்தையும் கொட்டிட்டேன். என்னால முடியலடா, அவ என்ன கேக்கறா, ஊரு ஒன்ன காறித் துப்புது, செய்யாத தப்புக்கு நீ மண்ணுக்குள்ள போயிட்டு வர்ற, சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, சாயங்காலம் நான் போயி அவகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடப் போறேன்னேன்.

அவன் தலத்துணிய அவுத்து மூஞ்சியத் தொடச்சிக்கினான். கண்ணச் சுத்தி மட்டும் சுத்தமாச்சி. என் தோள்ல கைய வெச்சான். அந்தக் கை முன்ன மாதிரி இல்ல, கல்லு மாதிரி கனத்துச்சி.

"அவளுக்குத் திட்டறதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன்டா, உண்ம தெரிஞ்சா அவ யாரத் திட்டுவா?"ன்னான்.